பீரோ நடித்த படம்

மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவிலிருந்த திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. மேல் பக்கம் அர்மான் பெராஷோன் சுவரோடு சுவராக நசுங்கிக்கொண்டிருந்தார். கீழ்ப் பக்கம் வாடகை வேன் ஓட்டி வந்த ரோலான், இதெல்லாம் வேறு யாருக்கோ நடக்கிறது என்கிற முகத்தோடு எடையைத் தோளில் தாங்கி நின்றான்.

அந்த நேரம் பார்த்து மதாம் பெரெய்ரா வாளியும் துடைப்பமுமாகப் படியேறி வந்தாள். எங்கள் கட்டடத்தின் காவல்காரி. அவளுக்குத் தெரியாமல் இந்தப் படிக்கட்டில் பூனைகூட ஏறி இறங்கியதில்லை.

“எங்க போகுது முசியே இது?”

சொல்வதற்குப் பொய்யா இல்லை? பூச்சி அரிக்கிறது எனலாம். மெருகு போடக் கொடுக்கிறேன் எனலாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் காலமெல்லாம் அடுத்தவர் பார்வையைச் சரிசெய்து ஓய்வு பெற்ற மனிதருக்கு, கைக்கெட்டும் தூரத்திலிருந்த இந்தப் பொய்கள் எதுவும் கண்ணில் படவில்லை.

“படத்துக்கு,” என்றார்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். போன வருஷம் இலையுதிர் காலத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார்கள். லாரி இல்லை, விளக்கு இல்லை, கூட்டத்தை விரட்ட ஆள் இல்லை. ரொட்டித் துண்டு அளவுக்கு ஒரு டிஜிட்டல் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் திரிந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் என்று நினைத்து ஊரே அவர்களுக்கு வழி சொல்லியது. படம் திரைக்கு வந்தபோது கீழ்வீட்டு மளிகைக்காரர் மெஸியானின் பின்கழுத்து அதில் இருந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். ஆனாலும் பின்கழுத்து அவருடையதுதான். அன்றிலிருந்து எங்கள் தெருக்கள் இருக்கிற இந்த மலைச்சரிவு முழுக்கப் பைத்தியம் பிடித்துவிட்டது. யார் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் எங்கேயாவது ஒரு கேமரா இருக்குமோ என்று எல்லோரும் தலையைச் சீவிக்கொண்டார்கள்.

உண்மை என்னவென்றால், அர்மான் மனைவியை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

மனைவி சொலாஞ்ச், மாக்கோன் என்ற ஊரில் இருக்கும் தங்கையின் முழங்கால் வலியை விசாரிக்கப் போயிருந்தாள். சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவாள். அதற்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்துவைத்திருந்த அறைக்குக் குடிபெயர்ந்துவிட வேண்டும் என்பது திட்டம். வேறு பெண் யாரும் இல்லை. நாங்களும் விசாரித்துப் பார்த்தோம். பிரச்சினை வேறு. சொலாஞ்சோடு எந்தப் படத்துக்குப் போனாலும், பெயர் போட்டு முடிவதற்குள் அவள் காதருகே குனிந்து, “அந்த டாக்டர்தான் கொன்னிருக்கான்” என்பாள். தப்பாகச் சொல்லித் தொலைத்தாலாவது பரவாயில்லை. எப்போதும் சரியாகவே சொல்லுவாள். அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. மிச்சமிருக்கும் வாழ்க்கையையாவது முடிவு தெரியாமல் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அந்த மனிதருக்கு ஓர் ஆசை.

துணிப்பெட்டி, ரேடியோ, மீன்பிடிக்கிற கோல்கள், புத்தகங்கள் எல்லாம் காலையிலேயே வேனுக்குள் போய்விட்டன. கடைசியாகத்தான் இந்த வால்நட் மரப் பீரோ. கதவில் இரண்டு புறாக்களும் ஒரு பூச்செண்டும் செதுக்கியிருக்கும். ப்ரெஸ் என்கிற நாட்டுப்புறத்தில் மகளைக் கட்டிக்கொடுக்கும்போது தாய் கூடவே அனுப்பும் பீரோ. சொலாஞ்சோடு வந்தது என்பதை அர்மான் மறுக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் மெழுகு பூசித் துடைத்தது யார்? பூட்டுக்கு எண்ணெய் விட்டது யார்? இப்படித் தனக்குள்ளேயே வழக்கு நடத்தி, தானே தீர்ப்பும் எழுதி, பீரோ தனக்கே என்று முடிவு கட்டியிருந்தார்.

“என்ன படம்?” என்றாள் மதாம் பெரெய்ரா.

“சிரிப்புப் படம். ஒருத்தன் வீட்டை விட்டுப் போறான். அதான் கதை.”

“யாரு அந்த ஒருத்தன்?”

“நான்தான்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்பல்லாம் யாரை வேணும்னாலும் போடறாங்க,” என்றாள். “சரி, கேமரா எங்க?”

“வந்துக்கிட்டே இருக்கு.”

இங்கேயாவது அவர் வாயை மூடியிருக்கலாம். மதாம் பெரெய்ரா வாளியை அங்கேயே வைத்துவிட்டு, அடுப்பில் சூப் இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனாள். ரோலான் தோளை மாற்றிக்கொண்டான். அர்மான் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், புறாக்களிடம் கெஞ்சிப் பார்த்தார். பீரோ அசைவதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். பின்னாலேயே மெஸியான், கையில் கேமராவோடு.

பின்கழுத்துப் புகழுக்குப் பிறகு மெஸியான் சொந்தமாகவே ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். இதுவரை கடையிலிருந்த முலாம்பழங்களைத்தான் எடுத்திருந்தார். அவை நன்றாகவே நடித்திருந்தன என்று கேள்வி.

“ஏன் முசியே, தெருவுக்குள்ளயே இருக்கோம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார், உண்மையாகவே மனம் நொந்தவராக. “வராத கேமராக்காரனுக்கு எதுக்குக் காத்திருக்கணும்? நான் எடுக்கறேன்.”

வெளிச்சம் போதாது என்றார் அர்மான். இதற்கு வெளிச்சமே வேண்டாம், இருட்டிலும் பிடிக்கும் என்றார் மெஸியான். உங்கள் கடையை யார் பார்ப்பார்கள் என்றார் அர்மான். மச்சான்கள் இரண்டு பேர் சும்மாதான் இருக்கிறார்கள் என்றார் மெஸியான். வழி ஏதும் தெரியாத அர்மான், சரி, சீக்கிரமாக ஒரே ஒரு தடவை எடுத்துவிட்டு விடுங்கள் என்றார்.

“ஒரே தடவையா?” மெஸியான் சிரித்தார். “இது பழைய ஃபிலிம் இல்ல முசியே, கைநடுங்கிக்கிட்டு எடுக்கறதுக்கு. இத்துனூண்டு டேப்பு. அழிச்சு அழிச்சு எடுத்துக்கிட்டே இருக்கலாம்.”

இந்தப் பேச்சு நடக்கும்போதே இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. மதாம் க்ளோதில்ட் வெளியே வரப் பார்த்து, முகத்துக்கு நேரே பீரோவின் காலைக் கண்டு நின்றாள். இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. பள்ளி ஆண்டு விழா நாடகங்களையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இயக்கியவள். இந்தச் சரிவில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வருஷம் அவளிடம் மரமாகவோ மந்திரியாகவோ நின்றிருக்கிறார்கள். மதாம் பெரெய்ரா அவள் காதில் விஷயத்தைச் சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள்.

மதாம் க்ளோதில்ட் உள்ளே போய்ச் சால்வையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“அந்த ஆள் ஏன் வீட்டை விட்டுப் போறான்?” என்று அர்மானைக் கேட்டாள்.

“அவன் பெண்டாட்டி எல்லாப் படத்துக்கும் முடிவை முன்னாடியே சொல்லிடறா.”



“அதுக்காகவா?” என்றான் ரோலான். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அது.

“காரணம் கொஞ்சம் நோஞ்சானாத்தான் இருக்கு,” என்றாள் மதாம் க்ளோதில்ட். “சிரிப்புப் படம்தானே, தாங்கும். ஆனா நடுப்படியில தொடங்கற கதை எனக்குப் பிடிக்காது. வீட்டு வாசலிலிருந்து எடுக்கணும். பீரோ மேல போகட்டும்.”

அர்மான் மறுத்தார். கதைக்கு அது தேவையில்லை என்றார், தன் இடுப்பைக் காட்டினார். ஆனால் மெஸியானின் மச்சான்கள் இருவரும் வந்துவிட்டிருந்தார்கள். காலை முழுக்க இறங்க மறுத்த பீரோ, அவர்கள் கை பட்டதும் ஏதோ மாமியார் வீட்டுக்குப் போவது போல விறுவிறுவென்று மாடியேறி, நாலாம் மாடியில் அர்மான் வீட்டு வாசலில் போய் நின்றது.

“பெட்டி, மீன்கோல் எல்லாம் வேன்ல இருக்கே, அதையும் மேல கொண்டு வரணுமா?” என்று அர்மான் சலிப்போடு கேட்டார்.

“சேச்சே, அதெல்லாம் சின்னச் சாமான், கேமராவுல தெரியாது,” என்றார் மெஸியான். “அங்கயே இருக்கட்டும்.”

அடுத்து, மனைவியாக யார் நடிப்பது என்ற கேள்வி வந்தது. மனைவி ஊரில் இல்லாதபோது நடக்கும் கதை என்று அர்மான் சொல்லிப் பார்த்தார். மனைவி இல்லாமல் ஒருவன் எப்படி மனைவியை விட்டுப் போவான், பார்க்கிறவர்களுக்கு எப்படிப் புரியும் என்று மதாம் க்ளோதில்ட் கேட்டாள். மதாம் பெரெய்ரா மேல் கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

மெஸியான் கேமராவை உயர்த்தினார். அர்மான் பீரோவைப் பிடித்துக்கொண்டு, “நான் போறேன்,” என்றார்.

“போறதுன்னா போங்க,” என்றாள் மதாம் பெரெய்ரா. “அதைக் கீழ வெச்சுட்டுப் போங்க.”

“நிறுத்து,” என்றாள் மதாம் க்ளோதில்ட். “கொஞ்சம் அழ வேண்டாமா?”

“மதாம் சொலாஞ்ச் அழமாட்டாங்க.”

“இது சொலாஞ்சைப் பத்தின கதை இல்ல,” என்றார் அர்மான், அவசரமாக.

இல்லவே இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு பேர் அவ்வளவு வேகமாக ஒப்புக்கொண்டதை வேறொருவராயிருந்தால் கவனித்திருப்பார். அர்மானின் கவனமெல்லாம் கைக்கடிகாரத்தில் இருந்தது.

பீரோ இறங்கியது. மூன்றாம் மாடியில் அர்மானின் சட்டைக் காலர் சரியில்லை என்று ஏறியது. மறுபடி இறங்கியது. இரண்டாம் மாடி வரைக்கும் வந்தபோது, மெஸியான் கேமராவின் மூடியைக் கழற்ற மறந்துவிட்டதாகச் சொன்னார். முலாம்பழங்களிடம் அவர் ஒருநாளும் இந்தத் தப்பைச் செய்ததில்லை. ஏறியது. வேலையை முடுக்கலாம் என்று நினைத்த அர்மான், கடைசிக் காட்சியை முதலில் எடுத்துவிடுவோம், பீரோவை வேனில் ஏற்றும் காட்சி, பெரிய படங்களில்கூட அப்படித்தான் முன்னும் பின்னுமாக எடுக்கிறார்களாம் என்றார். நல்ல யோசனை என்று மதாம் க்ளோதில்ட் தலையாட்டினாள். அவருக்கு உயிர் வந்தது. பீரோ ஒரு தடங்கலுமில்லாமல் நாலு மாடியும் இறங்கி உள்முற்றத்துக்கு வந்தது. வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. வேனின் பின்கதவு திறந்தே இருந்தது.

அப்போது கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

மச்சான்கள் பீரோவை நட்டநடுவில் இறக்கிவைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்கள். இன்னும் பத்தடிதான் என்று அர்மான் மன்றாடினார். பிரான்ஸ் தேசத்தில் மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் படம் எடுத்த ஆளை யாராவது பார்த்ததுண்டா என்று மதாம் க்ளோதில்ட் கேட்டாள்.  இந்த நாட்டில் புரட்சிகூட சாப்பிட்டுவிட்டுத்தான் நடந்திருக்கும்.

முற்றத்தில் மேஜை போட்டார்கள். மதாம் பெரெய்ரா சூப் கொண்டுவந்தாள். மெஸியான் கடையிலிருந்து பாலாடைக்கட்டியும் தக்காளியும் வந்தன. அவர் தனக்கு மட்டும் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மற்றவர்களுக்கு அடிப்பாகம் தடித்த குப்பிகளில் போஜொலே ஒயின் வந்தது. ரோலான் இரண்டாவது தடவை சூப் வாங்கிக்கொண்டு, வேன் எங்கேயும் ஓடிப்போகாது என்று அர்மானுக்கு ஆறுதல் சொன்னான்.

சாப்பாட்டுக்கு நடுவில் மெஸியான், எடுத்தவரைக்கும் பார்க்கலாம் என்று கேமராவைத் திருப்பிக் காட்டினார். எடுத்த கையோடு பார்த்துவிடலாம் என்பதுதான் அந்தப் பெட்டியின் மாயம். தீப்பெட்டி அளவுத் திரையைச் சுற்றி எல்லோரும் தலையை நீட்டினார்கள்.

அர்மானும் பார்த்தார். அதில் ஒரு குட்டி மனிதர் பெரிய பீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிறங்கினார். உச்சந்தலையில் வழுக்கை. அது இவ்வளவு பரவியிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொலாஞ்ச்கூடச் சொன்னதில்லை, எல்லா முடிவையும் சொன்னவள் இதைச் சொல்லவில்லை. அந்தக் குட்டி மனிதர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, திரும்பி, மேலே தன் வீட்டு வாசலைப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும்.

“இவனுக்குப் போக இஷ்டமே இல்ல,” என்றாள் மதாம் க்ளோதில்ட்.

“மூச்சு வாங்கறார்,” என்றான் ரோலான்.

அர்மான் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். குப்பியில் மிச்சமிருந்ததை ஊற்றிக்கொண்டார். வெறும் சூப்பில் அவ்வளவு மிளகு இருக்க நியாயமில்லை. ஆனாலும் கண் கலங்கியது.

சாப்பாடு முடிந்து, காப்பியும் முடிந்து எழுந்தபோது மதாம் க்ளோதில்ட் ஒரு புதிய குறையைக் கண்டுபிடித்தாள். காலையில் எடுத்த காட்சியில் புறாக்கள் வலப்பக்கம் பார்க்கின்றன. இப்போது பீரோவைத் திருப்பி வைத்திருப்பதால் இடப்பக்கம் பார்க்கின்றன. படம் பார்க்கிறவர்கள் இதை மன்னிக்கவே மாட்டார்கள். மேலே கொண்டுபோய், அது எப்போதும் நிற்கிற இடத்திலேயே நிறுத்தி, அங்கிருந்து ஒழுங்காகத் தொடங்க வேண்டும்.

இந்தத் தடவை அர்மான் வாதாடவில்லை. அவரும் ஒரு கை கொடுத்தார். எங்கள் கட்டடமே திரண்டு தள்ளியது. படுக்கையறையில் ஜன்னலோரம், பலகைத் தரையில் பீரோவின் கால்கள் பல வருஷமாகப் பதிந்து உண்டாக்கிய நான்கு குழிகள் இருந்தன. பீரோ அவற்றில் போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம், வெளியே போனவர் வீடு திரும்பி நாற்காலியில் சாய்கிற சத்தம் போல இருந்தது.

அர்மான் அந்தக் கதவில் கையை வைத்தபடி நின்றார். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ரயில் மாக்கோனை விட்டுக் கிளம்பியிருக்கும். இப்போதும் ஓடினால் தப்பிக்கலாம். பீரோ போனால் போகிறது, பெட்டிகள் வேனில் தயாராக இருக்கின்றன. அவர் திரும்பிப் பார்த்தார். மதாம் க்ளோதில்ட் சால்வை நழுவக் கட்டிலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மச்சான்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள். மெஸியான் கை வலித்தும் கேமராவை இறக்கவில்லை. மதாம் பெரெய்ரா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

மூக்குக்கண்ணாடிக்காரருக்குத் திடீரென்று எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

“படமெல்லாம் ஒண்ணும் கிடையாது,” என்றார். “நான் நிஜமாவே போய்க்கிட்டிருந்தேன்.”

“தெரியும்,” என்றாள் மதாம் க்ளோதில்ட்.

“எப்பலேர்ந்து?”

“படியில மாட்டிக்கிட்டப்பவே.”

அர்மான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையைத் தேடினார், அதுவும் வேனில் இருந்தது. தன்னை இந்தத் தெருவில் யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை என்று இத்தனை வருஷமும் எண்ணியிருந்ததாகவும், ஒரு கிழவனைப் போகவிடாமல் தடுக்கப் பொழுதெல்லாம் இப்படி முதுகொடிய நாலு மாடி ஏறி இறங்குகிற அண்டைவீட்டார் எந்த ஊரில் கிடைப்பார்கள் என்றும் உடைந்த குரலில் சொன்னார். அந்தக் காலர், அந்த மூடி, அந்தப் புறாக்கள் எல்லாம் எதற்காக என்று இப்போது புரிகிறது என்றார். சொலாஞ்ச் இனி எந்தப் படத்தின் முடிவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், தான் காதைக் கொடுத்துக் கேட்கப் போவதாகவும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நல்ல பேச்சாகப் பட்டது.

பிறகு ஜன்னலைத் திறந்து, கீழே வேனருகே நின்ற ரோலானைப் பார்த்துக் குனிந்தார்.

“ரோலான், நான் எங்கயும் போகல. பெட்டியெல்லாம் மேல கொண்டு வாப்பா.”

ரோலான் நிமிர்ந்து பார்த்தான்.  மெஸியான் அன்று முதல்முறையாகக் கேமராவை அணைத்தார். மச்சான்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதாம் க்ளோதில்ட் புறாக்களை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவள் போல உற்றுப் பார்த்தாள். கடைசியில் எல்லோர் பார்வையும் மதாம் பெரெய்ரா மீது வந்து நின்றது.

அவள் கவுனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அது வந்து முசியே, பெட்டி கீழயே இருக்கட்டும். காலையிலேயே மதாமுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். ‘அவர் போனா போகட்டும், எங்கம்மா குடுத்த பீரோ மட்டும் வாசப்படி தாண்டக் கூடாது’ன்னுதான் சொன்னாங்க.”